மொத்தக் குத்தகையும் ரெண்டு வட்டியும்

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் உழவர்களே, லாரி நிறுத்தவும் கிடங்கு போடவும் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வருகிறார்களா? "வருஷா வருஷம் எதுக்குண்ணே அலையணும், பத்து வருஷத்துக்கு மொத்தமா வாங்கிக்குங்க" என்பார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு பேச்சுக்கு, ஏக்கருக்கு வருஷம் 30,000 என்று வைப்போம். பத்து வருஷத்துக்கு 3 லட்சம். ஆனால் நாளைய ரூபாய் இன்றைய ரூபாய் ஆகாது. 8 சதவீத வட்டி என்றால், அடுத்த வருஷம் வரும் 30,000ஐ 1.08ஆல் வகுங்கள்: இன்றைய மதிப்பு 27,778. அதற்கடுத்த வருஷத்துக்கு இரண்டு முறை வகுக்க வேண்டும், 25,720. இப்படியே போனால் பத்தாம் வருஷப் பணம் வெறும் 13,896. எல்லாம் கூட்டினால் சுமார் 2,01,000. இதற்குக் குறைத்துக் கேட்டால் நஷ்டம் உங்களுக்கு.

சரி, 8 சதவீதம் யாருடைய வட்டி? நூத்துக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கியவருக்கு அது வருஷத்துக்கு 24. அந்தக் கணக்கில் அதே குத்தகை 1,10,000 சொச்சம்தான். அதனால்தான் கடன்பட்டவர் ஒன்றரை லட்சத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். கேட்டு வருகிறவருக்கு இது நன்றாகவே தெரியும். முதலில் அந்தக் கடனை அடைக்க வழி தேடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடு தவறாமல் கட்டினால் வட்டியே இல்லையே!

சிப்காட் மனைகளை 99 வருஷக் குத்தகைக்குத் தருகிறது. 99ஆம் வருஷம் வரும் ஒரு லட்சம், 8 சதவீதத்தில் இன்றைக்கு 49 ரூபாய். அரசாங்கம் மனைக்கான தொகையை முன்னாடியே வாங்கிக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும். பேரப்பிள்ளைகளின் நிலத்தையே டீ, வடைக் காசாக்கிவிடும் கணக்கு இது. பணத்துக்குப் பொருந்தும், மண்ணுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

கிராவல் கொட்டி ரோலர் ஓட்டின வயல் பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் அதில் மண்புழு இருக்காது. கிராவலை அள்ள வேண்டும், பசுந்தாள் விதைத்து மடக்க வேண்டும். இயற்கைச் சான்றுக்கு ஒருவருஷப் பயிர் என்றாலே குறைந்தது 2 வருஷ மாறுதல் காலம். இந்தச் செலவையும் குத்தகையில் சேருங்கள். அதற்கான வைப்புத்தொகையை இன்றைக்கே வாங்கிப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம். வெள்ளைத்தாளில் எழுதினது கோர்ட்டில் நிக்காது.