கூம்பு தொலைந்த கதை

இட்லி சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வாரம் மட்டும் கை கழுவிவிட்டு வரவும். விஷயம் அப்படி.

பல்வலி என்றால் ஆபீஸில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். நாலு பேர் வந்து கிராம்பு வைக்கச் சொல்வார்கள். கால் சுளுக்கு என்றால் நொண்டிக்கொண்டே போய் மேனேஜரிடம் அரை நாள் லீவு வாங்கலாம். மூலம் என்றால்? எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எதைப் பிடித்துக் காட்டுவது? உலகத்தில் அனுதாபமே கிடைக்காத ஒரே வியாதி இதுதான். அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு 1978 டிசம்பரில் இதே உபத்திரவம் வந்து, வேலையை ஒத்திப்போட வேண்டியிருந்தது. ஊர் உலகமெல்லாம் செய்தி. ஜனாதிபதியாக இருந்தாலும் நாற்காலியில் உட்கார வேண்டியது அவர்தானே!

எனக்கு ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். காலைக் கடன் கழிக்கும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம். வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. "உடம்பு சூடுப்பா, வெந்தயத்தை ஊற வெச்சுக் குடி" என்றார் அம்மா. "துத்திக் கீரை" என்றார் மாமனார். பக்கத்து சீட்காரர் கருணைக்கிழங்கு என்றார். மூன்று மாதம் எங்கள் வீட்டில் கருணைக்கிழங்கு மசியல், கருணைக்கிழங்கு வறுவல், கருணைக்கிழங்கு புளிக்குழம்பு. நாக்கு அரித்ததுதான் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் "மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இன்றி" என்று ஒட்டியிருப்பார்களே, அந்த நோட்டீஸை அதுவரை ஒரு தடவைகூட நான் முழுசாகப் படித்ததில்லை. இப்போது நின்று நிதானமாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் போன் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது.

எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸ் செக்‌ஷன் அண்ணன். பத்து மாசம் லீவில் இருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"தம்பி, ரத்தம் வருதா?"

"கொஞ்சம்தாண்ணே... மூலம்தான்."

"யார் சொன்னாங்க மூலம்னு? டாக்டரா, நோட்டீஸா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெதுவாகச் சட்டையின் கடைசிப் பட்டனை விலக்கிக் காட்டினார். வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது.

"நானும் மூலம்னுதான் ஒண்ணரை வருஷம் லேகியம் சாப்பிட்டேன். உள்ளே கட்டி. கேன்சர். பையோட பொழைச்சுக்கிட்டேன். நீ நாளைக்கே போ. வெக்கப்படாதே. வெக்கப்பட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

டீ ஆறிப்போனது. நம்பர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் சர்ஜனைப் பார்த்தேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என்னை இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். அடுத்து நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. அரை நிமிஷம்தான். கையுறையைக் கழற்றியபடி சிஸ்டரிடம் சொன்னார்:

"மூணு, ஏழு, பதினொண்ணு. எழுதிக்குங்க."

நானும் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து எழுதிக்கொண்டேன். "சார், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அது மாத்திரை நேரம் இல்லையாம். மனிதனை மல்லாக்கப் படுக்கவைத்து, ஆசன வாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டால், அந்த மூன்று மணிகள் இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் மூலம் முளைக்குமாம். காரணம், அங்கே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை மாதிரி மூன்று திண்டுகள் எல்லோருக்குமே பிறவியிலிருந்து உண்டு. எனக்கு, உங்களுக்கு, மேனேஜருக்கு, ஜனாதிபதிக்கு. அவை வாயை இறுக மூட உதவுகின்றன. மலச்சிக்கலில் முக்கி முக்கி அந்தத் திண்டுகள் வீங்கிச் சரிந்தால் அதற்குப் பெயர் மூலம்.

"மூலம் இருக்கு. ஆனா அதை மட்டும் பார்த்துட்டு உன்னை அனுப்ப மாட்டேன். மேலே குடல்ல வேற ஒண்ணும் இல்லைன்னு பார்த்துடணும்" என்றார். குடலைக் காலி செய்ய ஒரு மருந்துத் தண்ணீர். அன்று இரவு எங்கள் வீட்டுக் கழிவறைக்கு நான்தான் நிரந்தர வாடகைதாரர். காமிரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்த "ஒண்ணும் இல்லை"யைக் கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணனுக்குத்தான் முதல் போன்.

"இனிமே ஈஸி. ரப்பர் பேண்ட் போட்டுடலாம்" என்றார் டாக்டர்.

"ரப்பர் பேண்டா? ஃபைல் கட்டுற..."

"அதோட குட்டித் தம்பி."

நம்ப முடியவில்லை. ஆனால் யோசித்தால் பழைய விஷயம்தான். நூலால் இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கட்டிய பகுதி காய்ந்து விழுந்துவிடும். கிரேக்க ஹிப்போகிரட்டீஸ் பெயரில் இருக்கும் மருத்துவ நூல்களிலேயே மூலத்தைக் கம்பளி நூலால் கட்டும் வைத்தியம் இருக்கிறது. நம் ஊர் சுஸ்ருதர் வழியில் பௌத்திரத்துக்குக் கார நூல் கட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. 1958ல் ப்ளெய்ஸ்டெல் என்ற அமெரிக்க டாக்டர் மூலத்தைக் கட்ட ஒரு கருவியைப் பற்றி எழுதினார். 1963ல் டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் பாரன் அதில் ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் படுக்காமல், டாக்டரின் அறையிலேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வைத்தியம். இன்றைக்கும் அந்தக் கருவிக்கு அவர் பெயர்தான்.

கருவி என்றால் பெரிசாக ஒன்றுமில்லை. நீளமான கைப்பிடி, துப்பாக்கி மாதிரி ஒரு விசை, நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு குட்டி உருளை. அந்த உருளைமேல் ரப்பர் வளையம் விரிந்து உட்கார்ந்திருக்கும். உருளைக்குள் மூலத்தை இழுத்து விசையை அழுத்தினால், வளையம் நழுவி மூலத்தின் கழுத்தில் இறுகிக்கொள்ளும்.

கேள்வி என்னவென்றால், அந்த வளையம் முதலில் உருளைமேல் ஏறுவது எப்படி? வளையத்தின் ஓட்டை ஒரு மிளகு நுழையாத அளவு. உருளையோ சுண்டுவிரல் பருமன். அதற்கென்று ஒரு கூம்பு உண்டு. உருளையின் வாயில் அதைச் செருகுவார்கள். கூர்மையான நுனியில் வளையத்தை மாட்டி, அடிப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து உருளைமேல் ஏறி உட்காரும். பிறகு கூம்பைக் கழற்றிவிடலாம்.

இதை இவ்வளவு விவரமாக நான் தெரிந்துகொண்டதற்குக் காரணம், அன்றைக்கு அந்தக் கூம்பு தொலைந்துபோனதுதான்.

நான் பழையபடி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். மானம், மரியாதை எல்லாம் ஆணியில் தொங்கும் பேன்ட்டோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்னால் சிஸ்டரின் குரல்.

"சார், கோனைக் காணோம்."

"டப்பாவுல பாருங்க."

"இல்ல சார். ஸ்டெரிலைஸ் பண்ணப் போனது திரும்பி வரல."

"ரெண்டு ஃபோர்செப்ஸ் வெச்சு இழுத்து மாட்டிப் பாருங்க."

சுவரோரம் இருந்த கண்ணாடி பீரோவில் எனக்கு எல்லாம் தெரிந்தது. சிஸ்டர் இரண்டு இடுக்கிகளால் வளையத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கிறார். பல்லைக் கடிக்கிறார். டப்! வளையம் டாக்டரின் மூக்குக் கண்ணாடியில் மோதி, பி.பி. பார்க்கும் கருவிமேல் போய் விழுந்தது. இரண்டாவது வளையம் பாதியில் கிழிந்தது. சின்ன வயசில் சைக்கிள் ட்யூபை வெட்டி நாங்கள் செய்த உண்டிவில்கூட இதைவிடக் கட்டுப்பாடாக இருந்தது.

மூன்றாவதை எடுத்தார் சிஸ்டர். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம். கோன் வரட்டும்."

"சார், பேஷன்ட் வெயிட் பண்றாரே..."

"பண்ணட்டும். கீறல் விழுந்த பேண்டைப் போட்டா உள்ளே போய் அறுந்துக்கும்."

பத்து நிமிஷம் அந்தக் கோலத்தில் படுத்திருந்தேன். நேரம் போக வேண்டுமே என்று டாக்டர் பாடம் எடுத்தார். இரண்டு இடுக்கியால் இழுத்தால் இரண்டே இடத்தில் மொத்த இழுவையும் விழும். கூம்பில் ஏற்றினால் வட்டம் முழுக்கச் சமமாக விழும். வளையல்காரர் நினைவிருக்கிறதா? பெண்கள் கையைக் குவித்துப் பிடித்து, கூம்பு மாதிரி ஆக்கித்தானே வளையலை நோகாமல் ஏற்றுவார்? அதே வித்தைதான். அங்கே கை குவிகிறது, இங்கே வளையம் விரிகிறது.

"அப்போ காலையிலேயே மாட்டி ரெடியா வெச்சுக்கலாமே சார்?"

"ஃபைல்ல பத்து வருஷம் கட்டிக் கிடந்த ரப்பர் பேண்ட் எப்படி இருக்கும்?"

"தொளதொளன்னு."

"இழுத்தபடியே ரொம்ப நேரம் விட்டா இதுவும் இறுக்கத்தை இழந்துடும். போடறதுக்குச் சற்று முன்னாலதான் மாட்டணும்."

கடைசியில் வார்டு பாய் ஓடி வந்தார். பச்சைத் துணியில் சுற்றி, கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி. வேறொரு தியேட்டருக்குப் போன கட்டில் மாறிப் போயிருந்ததாம். அப்புறம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள். கூம்பைச் செருகினார், வளையத்தைத் தள்ளினார், கழற்றினார். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் அந்தக் குட்டிக் கூம்பு இல்லாவிட்டால் கை கட்டித்தான் நிற்க வேண்டும். எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான். மேனேஜர் இல்லாமல் ஒரு வாரம் ஓடும், பியூன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

வலித்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? டாக்டர் முதலில் அந்த இடத்தை மெல்லப் பிடித்து "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே பல்வரிசை மாதிரி ஒரு கோடு உண்டாம். அதற்குக் கீழே ஊசி பட்டாலும் உயிர் போகும். மேலே கிள்ளினாலும் தெரியாது. வளையத்தை எப்போதும் கோட்டுக்கு நன்றாக மேலே போடுவார்கள். வெளிமூலத்துக்கு இந்த வைத்தியம் கிடையாது என்பதும் இதனால்தான். விசை "டிக்" என்றது. உள்ளே ஏதோ கனமாக உட்கார்ந்திருப்பது போல, உடனே ஓட வேண்டும் போல ஓர் உணர்வு. அவ்வளவே. மறுநாள் ஆபீஸ் போனேன். ஒரு வாரம் போல் கழித்து, வளையமும் காய்ந்த மூலமும் எனக்குத் தெரியாமலேயே விடைபெற்றுக்கொண்டன. மிச்சமிருந்த இரண்டுக்கும் சில வாரம் இடைவெளி விட்டு, தனித்தனியாகப் போட்டார்.

போகும்போது டாக்டர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் ரத்தம் வரலாம். நிறைய வந்தால் உடனே வரவேண்டும். கடும் வலி, காய்ச்சல், சிறுநீர் போக முடியாமை இதெல்லாம் வந்தால் ராத்திரி, பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கீரை, பழம், தண்ணீர், முக்காமல் இருப்பது. இவை இல்லாவிட்டால் "திரும்ப என்னைப் பார்க்க வருவே" என்றார்.

இந்த வளையம் வேறு இடங்களிலும் உயிர் காக்கிறது. குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்து வெடித்து, வாய் வாயாக ரத்த வாந்தி வரும். எண்டாஸ்கோப் நுனியில் வரிசையாக வளையங்களை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கட்டுகிறார்கள். 1980களில் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை. மூலத்தில் கற்ற பாடம் தொண்டைக்குப் போயிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாயில் போடும் சிலிக்கான் வளையமும் இந்த ஜாதிதான். அதையும் கூம்பில்தான் ஏற்றுவார்கள்.

போன மாதம் ஸ்டோர்ஸ் அண்ணன் ரிட்டயர் ஆனார். சால்வை போட்டோம். மைக்கைப் பிடித்து இரண்டே வாக்கியம் பேசினார். "ரத்தம் வந்தா அது மூலம்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. டாக்டர் முடிவு பண்ணட்டும்." லேடீஸ் பக்கம் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் இருமினார். நான் மட்டும் எழுந்து நின்று கை தட்டினேன். அடுத்த வாரம் மூன்று பேர் தனித்தனியாக என் சீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, காதோடு காதாக அந்த டாக்டரின் விலாசம் கேட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மூலம் வர முக்கியமான காரணங்களில் ஒன்று, கழிவறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பது. அந்தக் காலத்தில் பேப்பர், இந்தக் காலத்தில் செல்போன்.

ஆமாம், நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

எழுந்து வாருங்கள் சார், வெளியே ஆள் காத்திருக்கிறது.