சிங்கப்பூர்த் தலைவரும் தமிழும்

சிங்கப்பூரைப் புகழாத தமிழ் மேடை நம் நாட்டில் அரிது. அச்சிறு தீவை 1959 முதல் 1990 வரை பிரதமராயிருந்து ஆண்ட லீ குவான் யூ தமிழுக்கு அரியணை தந்தார் என்பது அம்மேடைகளின் முடிந்த முடிபு. அது பாதி உண்மை. மறுபாதியையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன் என்பது என் கருத்து.

முதற்பாதியை முதலில் நோக்குவோம். 1956இல் பண்டாரநாயக்காவின் அரசு இங்கே தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது. 1965 ஓகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்து தனித்து நின்றது. அங்கே நால்வருள் மூவர் சீனர். வாக்கை மட்டும் நாடும் தலைவர்க்குச் சீனத்தை மட்டும் உயர்த்துதல் எளிய வழி. லீ அதனைச் செய்திலர். மலாய் தேசிய மொழியாயிற்று; மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அரச கரும மொழிகளாயின. தம் இனத்தாரின் ஆசைக்கே அணையிட்ட அத்துணிவு போற்றத்தக்கது. எதிர்த்தோரை விசாரணையின்றிச் சிறைவைத்த வன்மையும் அவ்வாட்சியில் உண்டு. அதனை நான் போற்றேன்.

இனி மறுபாதி. அலுவலுக்கும் வாணிகத்துக்கும் ஆங்கிலமே வழியெனக் கண்ட பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினர். அரசும் அவ்வோட்டத்தை ஊக்கியது. சீனத்திற் கற்பித்த நன்யாங் பல்கலைக்கழகம் 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தும், மாணவர் அருகி 1982இல் மூடப்பட்டது. இன்று அப்பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு உரியது. சீறாப்புராணத்தை அக்கரைப்பற்றிலே கற்பிக்கும் எனக்கு இச்செய்தி வருத்தம் தருகின்றது.

தம்மவர் பல்கலைக்கழகத்தையும் லீ விட்டுவைக்கவில்லை. ஆதலின் அவர் நடுநிலை பிறழ்ந்தார் எனல் பொருந்தாது. ஆயினும் மொழிக்கு நடுநிலை செய்தல் வேறு. மொழியை வளர்த்தல் வேறு.

நம் நிலையோ இதற்கு நேர்மாறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் வரும்வரை அரசியலமைப்பு தமிழை அரச கரும மொழியாக ஏற்கவில்லை. அந்த முப்பதாண்டிலும் நம் பிள்ளைகள் கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும் தமிழிலேயே கற்றனர். அங்கே தமிழ் சட்டத்தில் வீற்றிருந்து, பள்ளியில் ஒரு பாடமாகச் சுருங்கிற்று. இங்கே சட்டம் புறந்தள்ளிய காலத்தும் பள்ளி அதனைக் காத்தது.

இன்று நம் ஊர்களிலும் ஆங்கிலவழி வகுப்பை நாடுவோர் உளர். ஆங்கிலம் கற்க வேண்டா என்பேனல்லேன். நன்கு கற்க வேண்டும். ஆனால் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் ஆற்றலை வகுப்பறை இழந்துவிடின், அதனை மீட்டுத்தர எந்தச் சட்டத்தாலும் ஆகாது. லீயின் நடுநிலையை நம் ஆட்சியாளர் கற்கட்டும். உமறுப்புலவர் பள்ளியின் முடிவை நம் ஆசிரியர் மறவாதிருக்கட்டும்.