விஷமில்லாத பாலும் கறியும் பணம் படைத்தவனுக்கு மட்டுந்தானா?

நகரங்களில் ஒரு புதுச் சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் கோழிக் கம்பெனிகளும் தீவனக் கம்பெனிகளும். மறுபக்கம் பொட்டலத்தின் மேல் "இயற்கை" என்று முத்திரை குத்தி விற்கும் கடைக்காரர்கள். மருந்தும் பெரும் பண்ணையும் இல்லாவிட்டால் ஏழைக்கு முட்டையே கிடைக்காது என்று மிரட்டுகிறார்கள் முன்னவர்கள். பண்ணைக் கறி தின்றால் உங்கள் பிள்ளைக்கு நோய் நிச்சயம், எங்களிடம் வாங்குங்கள் என்று பயம் காட்டுகிறார்கள் பின்னவர்கள். இந்த இருவர் பேச்சையும் கேட்டால், ஆடு மாடு வளர்க்கும் ஏழை விவசாயிக்கும் கறியை அரைக்கிலோவாக வாங்கும் தொழிலாளிக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். முழுச் சம்பந்தமும் அவர்களுக்குத்தான் என்கிறோம் நாம்.

சென்னை - திருச்சி சாலையில் இருக்கிறது வேப்பூர். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்குப் போகும் பாதையும் அங்கேதான் குறுக்கிடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஆட்டுச் சந்தை கூடும். விடியுமுன்பே வண்டிகள் வந்து நிற்கும். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள் தரகர்கள். அந்த ஆடுகள் எதைத் தின்று வளர்ந்தவை? ஏரிக்கரைப் புல், வேலிக்கால் தழை, கருவேல நெற்று, அறுப்பு முடிந்த கொல்லையில் கிடந்த மிச்சம். கம்பெனித் தீவனம் வாங்க அந்த ஏழைகளிடம் காசு இருந்ததில்லை. இதே ஆட்டுக்கறி நகரத்துக் கண்ணாடிக் கடையில் முத்திரை பெற்றுவிட்டால் விலை எங்கோ ஏறிவிடுகிறது. ஏறிய விலையில், வெயிலில் நின்று மேய்த்த கிழவிக்கு என்ன பங்கு? தரகர் சொன்ன விலைதானே அவளுக்கு!

முதலில் கம்பெனிக்காரர்களின் வாதத்தைப் பார்ப்போம். பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று டீக்கடை தோறும் பேசுகிறார்கள். இது வெறும் புரளி. ஐயாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினம் ஊசி போட யாரால் முடியும்? ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ வருவது, பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனத்தாலும் கணக்குப் பார்த்துச் சேர்த்த தீவனத்தாலும்தான். இந்தப் புரளி கம்பெனிக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. இல்லாத ஹார்மோனை மறுத்துவிட்டு, இருக்கிற ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி வாய் திறக்காமல் தப்பிக்கிறார்கள்.

இதன் கதை பழையது. ஆரியோமைசின் என்ற மருந்தைத் தயாரித்த பிறகு மிஞ்சும் கழிவைக் கோழிக்குப் போட்டால் அது வேகமாக எடை கூடுகிறது என்று 1950-ஐ ஒட்டி அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அன்று முதல், நோயே இல்லாத பிராணிக்கும் தீவனத்தோடு மருந்து என்ற பழக்கம் உலகமெங்கும் பரவியது. மருந்தைக் குறைந்த அளவில் தந்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945-லேயே நோபல் மேடையில் எச்சரித்திருந்தார். மனிதரைக் காக்கும் மருந்தை எடை கூட்டுவதற்காகக் கால்நடைக்குத் தரக்கூடாது என்று 1969-ல் பிரிட்டனில் ஸ்வான் கமிட்டி சொன்னது. ஐரோப்பா முழுவதும் அதை நிறுத்த 2006 ஆயிற்று. லாபம் அவ்வளவு லேசில் விட்டுவிடுமா?

நம் நாட்டில் என்ன நடந்தது? கோலிஸ்டின் என்ற மருந்து வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதையும் வெல்லக்கூடிய குணம், ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வடிவில், சீனாவின் பன்றிகளில் இருப்பது 2015-ல் வெளியாயிற்று. கால்நடைக்கும் கோழிக்கும் அந்த மருந்தை விற்பதை இந்திய சர்க்கார் தடை செய்தது 2019-ல். நல்லதுதான். ஆனால் அதுவரை எத்தனை மூட்டைத் தீவனத்தில் அது போயிருக்கும்? யாராவது கணக்குக் கொடுத்தார்களா?

கிருமிக்கு ஜாதி வர்க்கம் தெரியாதுதான். ஆனால் அதற்குச் செலவு செய்யும் சக்தி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது. விருத்தாசலத்தில் செராமிக் சூளையில் வேகும் தொழிலாளிக்கு, சாதாரண மருந்துக்கு அடங்காத புண் வந்தால், அடுத்த மருந்தின் விலை அவன் ஒரு மாதக் கூலியை விழுங்கிவிடும்.

இதற்காகப் பண்ணை விவசாயியைத் திட்டுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். ஒப்பந்தக் கோழி வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை போட வாங்கிய கடனும், கரண்டுக் கட்டணமும், குடும்பத்தின் உழைப்பும் விவசாயியுடையவை. எடைபோட்டுக் கோழியை ஏற்றிக்கொண்டு போன பிறகு கிலோவுக்கு இத்தனை என்று ஒரு வளர்ப்புக் கூலி. தன் கொட்டகையிலேயே கூலிக்காரனாகிப் போனவன் தீவனத்தில் எதைக் கலப்பது என்று தீர்மானிக்கிறானா? தீர்மானிப்பவனை விட்டுவிட்டு மூட்டை தூக்குகிறவனைப் பிடிப்பது என்ன நியாயம்!

இனி இயற்கைக் கடைக்காரர்களின் பக்கம். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இயற்கை உணவில் சத்து மிகுதி என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். ஆனால் மூன்றும் அதற்கு மேலுமான மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் சாதாரணப் பண்ணைக் கோழியிலும் பன்றிக்கறியிலுமே அதிகம் என்றும் அவர்களே கண்டார்கள். இயற்கை முறைப் பாலிலும் கறியிலும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல் என்று 2016-ல் இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்தது. பாலில் அதற்குக் காரணமாக அவர்கள் காட்டியது முத்திரையை அல்ல. மாடு மேய்ந்த பச்சைப் புல்லை. அப்படியானால் பேச வேண்டியது மேய்ச்சல் புறம்போக்கைப் பற்றியல்லவா? மந்தைவெளி ஆக்கிரமிப்பாகிறது, ஏரிப் புறம்போக்கு வேலிக்குள் போகிறது. இதைப் பற்றி எந்த இயற்கைக் கடையிலாவது ஒரு அறிவிப்புப் பலகை உண்டா?

"இயற்கை" என்ற சொல்லையே மந்திரமாக்கி, தடுப்பூசியும் விஷம் என்று சிலர் பிரசாரம் செய்வதுதான் மிகவும் ஆபத்து. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது எங்கே? 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அன்று வேப்பூரும் அரசூரும் ஒரே தென்னாற்காடு ஜில்லா. அந்த ஊரின் பெயர் தாங்கிய கிருமியை வைத்தே தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தடுப்பூசி செய்தார்கள். மந்தைக்குள் அந்நோய் புகுந்தால் சளி ஒழுகி, கழிந்து, பாதி ஆடு போய்விடும். ஆடுதான் ஏழைப் பெண்ணின் பாங்கி. மாட்டு வெக்கை நோயை உலகத்தை விட்டே 2011-ல் ஒழித்தது சர்க்கார் செலவில் ஊர் ஊராகப் போட்ட ஊசிதான், வேப்பிலை அல்ல.

இன்னும் ஒன்று. 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. ஆன்டிபயாட்டிக் வரம்பு மீறியவை 77. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வரம்பு மீறியவை 368. இந்த 368-ல் 88 நம் தமிழ்நாட்டுடையவை. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை! இந்த நஞ்சைக் கம்பெனி கலக்கவில்லை. ஈரம் போகாத சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் பூக்கும் பூஞ்சணம் தானாகவே உண்டாக்குவது. முழுக்க முழுக்க இயற்கை! மாடு தின்றால் பாலில் வரும். காய்ச்சினாலும் போகாது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும்.

வேப்பூர், சிறுபாக்கம் பக்கத்து மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. உலர்களம் போதாமல் தார்ச்சாலை ஓரத்திலேயே சோளத்தைக் காயப்போடுகிறான் விவசாயி. மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஈரச் சோளத்துக்கு வியாபாரி விலையைக் குறைத்து வாங்குகிறானே தவிர, வாங்காமல் விடுவதில்லை. அந்தச் சோளந்தான் முட்டையாகவும் பாலாகவும் சத்துணவுக் கூடத்துக்கும் தொழிலாளி வீட்டுக்கும் திரும்பி வருகிறது.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒவ்வொரு ஊராட்சிக்கும் கூரை போட்ட உலர்களம். தீவன மூட்டையில் மருந்து உட்படக் கலந்திருப்பது அத்தனையும் தமிழில் அச்சிட வேண்டும். பொய்யானால் கம்பெனி மீது வழக்கு, வளர்த்தவன் மீதல்ல. வரம்பு மீறிய பாலுக்குக் கூட்டுறவுச் சங்கத்து ஏழை உறுப்பினரைத் தண்டிக்காமல் தீவனத்தைச் சோதித்துத் தருவது. மேய்ச்சல் நிலத்தை அளந்து கல் நட்டு மீட்பது. ஆட்டுக்கொல்லி ஊசி வீட்டு வாசலுக்கே இலவசமாக வருவது. வேப்பூர்ச் சந்தையில் வெள்ளி தோறும் கால்நடை டாக்டர் இருந்து, நோயுற்ற ஆட்டைத் தனியே நிறுத்தி வைக்க ஒரு கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும். சந்தைக்கு வரும் ஒவ்வொரு ஆட்டுக்கும் சுங்கம் வாங்குகிறார்கள்; அந்தப் பணத்தில் முதல் வேலையாக இதைச் செய்யட்டும்.