கைநாட்டுக் கலைஞர்கள் வேண்டாம்

சித்திரம், சிற்பம், ஸங்கீதம், நாட்டியம், சினிமா முதலிய கலைகளைப் பயிலும் மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதன் அடிப்படைக் கருத்துக்களையும் போதிக்க வேண்டும் என்று யாரேனும் யோசனை கூறினால், இரண்டு திசைகளிலிருந்து ஏககாலத்தில் சிரிப்பொலி கிளம்புகிறது. "தூரிகை பிடிக்கும் கையில் கணக்குப் புத்தகத்தைத் திணிப்பதா?" என்கிறார்கள் கலைவாணர்கள். "கணக்கிற்குப் பயந்து சித்திரம் எழுதப் போனவர்களுக்கு இது ஏறுமா?" என்கிறார்கள் இஞ்சினீயர்கள். மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இவ்விரு சாராரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைகோத்து நிற்பது வேடிக்கையே. இருவர் கூற்றும் தவறு என்பது நமது திடமான அபிப்பிராயம்.

நாம் வக்கீல் தொழில் நடத்திய நாட்களில், பத்திரத்தில் கண்ட வாசகம் இன்னதென்று அறியாமலே பெருவிரல் ரேகையைப் பதித்துவிட்டு, நிலம் கைவிட்டுப் போன பிறகு நம்மிடம் ஓடிவந்த கட்சிக்காரர்கள் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவரும் மூடரல்லர். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் அதில் என்ன விளையும் என்று சொல்லக்கூடிய அநுபவசாலிகள். ஆனால் தம் சொத்தைப் பற்றிய வாசகத்தைத் தாமே படிக்க இயலாமையால், எழுதுகிறவர் எழுதியதே சாசனமாயிற்று. இன்று நம் கலைஞர்கள் தங்கள் தொழிற் கருவிகளின் விஷயத்தில் ஏறக்குறைய இதே நிலையில் இருக்கிறார்கள் என்று நாம் சொன்னால், அது மிகைப்பட்ட கூற்றாகாது.

சித்திரக்காரரின் பலகையும் வர்ணப் பெட்டியும், ஸங்கீத வித்துவானின் ஒலிப்பதிவு அறையும், சினிமாக்காரரின் வெட்டி ஒட்டும் மேஜையும் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டன. அக்கருவிகள் எவ்வாறு இயங்க வேண்டும், எத்தனை நாள் இயங்க வேண்டும் என்பதைக் கடல் கடந்த சில கம்பெனிகளே தீர்மானிக்கின்றன. சித்திரக்காரர்களும் அச்சுத் தொழிலாளரும் நாள்தோறும் கையாளும் சாதனங்களைச் செய்யும் அடோபி கம்பெனி, அவற்றின் புதிய பதிப்புக்களை இனி விலைக்கு விற்பதில்லை, வாடகைக்கே தருவோம் என்று 2013-ஆம் ஆண்டில் அறிவித்தது. பிளாஷ் என்னும் சாதனத்தைக்கொண்டு உலகமெங்கும் கலைஞர்கள் அசையும் சித்திரங்களையும் விளையாட்டுக்களையும் படைத்து வந்தார்கள். 2020-ஆம் ஆண்டு டிஸம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவு நிறுத்தப்பட்டது. அப்படைப்புக்களில் பலவற்றை மீட்பதற்குத் தனி முயற்சிகள் தேவைப்பட்டன. பொத்தான்களை அழுத்த மட்டும் பழகியவர்கள், படைப்போடு தொழிலையும் சேர்த்து இழந்தார்கள். உள்ளே நடப்பது இன்னதென்று கருத்தளவில் அறிந்தவர்களோ, அதே கருத்தை வேறொரு பாஷையில் எழுதிக்கொண்டு மேலே சென்றார்கள். கருவியைக் கற்றவனுக்கும் கருத்தைக் கற்றவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

சரி, அந்தக் கருத்துக்கள்தாம் யாவை? புரோகிராம் என்றவுடனே நேயர்கள் ஆங்கிலக் குறியீடுகளையும் அரைப்புள்ளிகளையும் நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. மார்கழி மாதத்தில் பத்திரிகைகள் கோலப் படத்திற்குக் கீழே, "ஊடு புள்ளி, 15-லிருந்து 8 வரை" என்று ஒரு வரி அச்சிடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நடுவரிசையில் 15 புள்ளிகள். அதற்கு மேலும் கீழும், புள்ளிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் 14, பிறகு 13, இவ்வாறு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போய் 8 வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளிகள் வருகின்றன. அந்த 169 புள்ளிகளில் ஒவ்வொன்றும் எங்கே விழ வேண்டும் என்று தனித்தனியே எழுதப் புகுந்தால் பத்திரிகையின் ஒரு பக்கம் போதாது. ஒரே வரியில் அது அடங்கியது எவ்வாறு? தொடங்கும் இடம், ஒவ்வொரு படியிலும் மாறும் விதி, நிறுத்தும் நிபந்தனை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருப்பதால்தான். 15-ஐ 21 என்றும் 8-ஐ 11 என்றும் மாற்றினால், விதியில் ஓர் எழுத்தும் மாறாமல் 331 புள்ளிகளுள்ள பெரிய கோலம் கிடைத்துவிடுகிறது. எண் இருந்த இடத்தில் ஒரு பெயரை வைத்து, வேண்டும்போது வேண்டிய எண்ணை அப்பெயருக்குக் கொடுப்பதே புரோகிராம் எழுதுவோர் முதலில் கற்கும் வித்தை. நம் வீட்டுப் பெண்மணிகள் அதைப் பெயர் தெரியாமலே வாசலில் செய்து வருகிறார்கள்.

ஸங்கீதத்திலும் இவ்வாறே. ஏழு தாளங்களையும் ஐந்து ஜாதிகளையும் பெருக்கி 35 தாளங்கள் என்று நம் பெரியோர் வகுத்தார்கள். முப்பத்தைந்தையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டியதில்லை. ஜாதிக்குத் தக்கபடி லகுவின் அக்ஷரம் மட்டும் 3, 4, 5, 7, 9 என்று மாறும். மற்ற அங்கங்கள் மாறா. சதுசிர ஜாதித் திருபுடை 4, 2, 2 என்று எட்டு அக்ஷரமாகி நாம் அறிந்த ஆதி தாளமாகிறது. ஒரே விதியை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு மதிப்பை மட்டும் மாற்றிப் பல பயன் காணும் இம்முறை, கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் உயிர்நாடிகளில் ஒன்று.

இது உவமைக்காக நாம் கட்டிச் சொல்வதன்று. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கோலங்களை ஆராய்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும், கம்ப்யூட்டர் பாஷைகளுக்கு வகுக்கப்படும் இலக்கணத்தைப் போன்ற விதிகளால் கோலங்களை வர்ணிக்கலாம் என்று காட்டி, 1974-ஆம் ஆண்டிலேயே சர்வதேசச் சஞ்சிகை ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். வாசற்படிக் கோலம் அயல்நாட்டுக் கணித அறிஞர்களுக்குப் பாடமாயிற்று. அதே கோலத்தை எழுதத் தெரிந்த நம் சித்திர மாணவிக்கு, "உனக்குப் புரோகிராம் வராது" என்று சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

குறை மாணவரிடத்தில் இல்லை. போதனா முறையில் இருக்கிறது. வட்டிக் கணக்குப் போடு, பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்து என்று தொடங்கும் பாடம், சித்திர மாணவனை முதல் வாரத்திலேயே விரட்டிவிடும். இதை உணர்ந்தவர்கள் மேல்நாட்டில் வேறு வழி கண்டார்கள். 1967-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஸீமோர் பேப்பர்ட், வாலி பியூர்ஸீக், ஸிந்தியா ஸாலமன் முதலியோர் குழந்தைகளுக்காக லோகோ என்னும் பாஷையை அமைத்தார்கள். அதில் பின்னர் சேர்ந்த ஆமை ஒன்று, கட்டளைப்படி நடந்து கோடு இழுக்கும். "50 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறம் திரும்பு, இதை நாலு தரம் செய்" என்றால் சதுரம் உண்டாகும். விடை தெரியாத குழந்தை, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதே மாகாணத்து எம்.ஐ.டி. கலாசாலையில் ஜான் மயேடா என்பவர் சித்திரக்காரர்களுக்கென்றே ஒரு சிறு பாஷையைச் செய்து, 1999-ல் அதைப் பற்றி நூலும் எழுதினார். காகிதம், பேனா, கோடு என்பவையே அதன் முதற் கட்டளைகள். அவருடைய மாணவர்களான கேஸி ரீஸ், பென் பிரை இருவரும் 2001-ல் பிராஸஸிங் என்னும் சாதனத்தைத் தொடங்கினார்கள். அதில் மாணவன் எழுதும் முதல் வரியிலேயே திரையில் ஒரு வட்டம் தோன்றுகிறது. இரண்டாம் பாடத்தில் அவ்வட்டம் நகருகிறது. புரோகிராமை அங்கே "ஸ்கெட்ச்" என்று, அதாவது கைச்சித்திரம் என்றே அழைக்கிறார்கள். தவறு செய்தால் தவறும் கண்ணுக்குத் தெரிகிறது. சில சமயம் அத்தவறே அழகாயிருந்து, மாணவன் அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு சித்திரத்திற்குப் போய்விடுகிறான். இதன் வழிவந்த பி5.ஜேஎஸ் என்பது சாதாரணப் பிரௌசரிலேயே இயங்குகிறது. இவ்விரண்டும் இலவசம். ஆகையால் பணமில்லை என்று கலாசாலைகள் சாக்குச் சொல்லவும் இடமில்லை.

இனி ஆக்ஷேபங்களைக் கவனிப்போம். விதிக்குக் கட்டுப்பட்டால் கற்பனை மடிந்துவிடும் என்பது முதலாவது. புடாபெஸ்டில் 1924-ல் பிறந்து பாரிஸில் வாழ்ந்த வேரா மோல்நார் என்னும் அம்மையார், கம்ப்யூட்டர் கையில் கிடைப்பதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்னதாகவே தாமே விதிகளை வகுத்துக்கொண்டு, அவ்விதிப்படி கையாலேயே சித்திரம் எழுதி வந்தார். அதைத் தம் கற்பனை யந்திரம் என்றும் அழைத்தார். 1968-ல் மெய்யான யந்திரம் வந்தபின் அவர் கற்பனை வற்றிவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு 99-ஆவது வயதில் காலஞ்சென்றவரை அவர் சித்திரம் எழுதுவதை நிறுத்தவில்லை. வெண்பாவின் தளை கவிஞனைக் கொல்லவில்லை; தாளம் பாடகனை ஊமையாக்கவில்லை. விதி கற்பனைக்குப் பகை என்று தமிழன் சொல்வதைப்போல் விந்தை வேறில்லை.

இரண்டாவது ஆக்ஷேபம் இன்னும் புதியது. "வேண்டியதை வாயால் சொன்னால் சித்திரத்தையும் புரோகிராமையும் தானே எழுதித் தரும் யந்திரங்கள் 2022 முதல் எல்லோர் கைக்கும் எட்டிவிட்டனவே, இனி நாம் கற்பானேன்?" என்று கேட்கிறார்கள். பத்திரம் எழுதுகிறவர் இருக்கும்போது நான் எழுதப் படிப்பானேன் என்று நம் கட்சிக்காரர்கள் நினைத்தது நினைவுக்கு வருகிறது. எழுதுகிறவர் எவ்வளவுக்கெவ்வளவு வேகமாக எழுதுகிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு படித்துப் பார்க்கிறவனுக்குப் பொறுப்பு மிகுதி. யந்திரம் தந்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது, எந்த விதியை எந்த இடத்தில் மாற்றுவது என்று தீர்மானிக்க இயலாதவன், தன் பெயரைக் கீழே போட்டாலும் அது கையெழுத்தாகாது, கைநாட்டே.

ஒவ்வொரு கலைஞரும் இஞ்சினீயராக வேண்டும் என்று நாம் கூறவில்லை. கம்பெனிகளுக்குக் குறைந்த கூலியில் ஆள் பிடித்துத் தருவதற்காக இப்பாடம் வைக்கப்படுமானால் அதை முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம். நாம் கோருவது இவ்வளவே. முதலாண்டில் வாரத்திற்கு மூன்று மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டும். முதற் சில வாரங்கள் யந்திரத்தைத் தொடவே வேண்டாம். ஒரு மாணவன் ஒரு சித்திரத்திற்குரிய விதிகளைக் காகிதத்தில் எழுதட்டும், மற்றொருவன் அவற்றை எழுத்துக்கு எழுத்து அனுசரித்து வரையட்டும். விதியில் எங்கே ஓட்டை என்பது இருவருக்கும் அப்போதே விளங்கிவிடும். பிறகு யந்திரத்திற்குச் செல்லலாம். வகுப்பில் சித்திர உபாத்தியாயரும் கம்ப்யூட்டர் உபாத்தியாயரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் நடத்தினால் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கம் தமிழில் நடக்க வேண்டும். பரீக்ஷையில் குறியீடுகளை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கச் சொல்லக்கூடாது. மாணவன் தான் செய்த ஒரு படைப்பைக் கொண்டுவரட்டும். பரீக்ஷகர் அதில் ஒரு மாறுதலைக் கேட்கட்டும். அவன் அங்கேயே மாற்றிக் காட்டி, ஏன் அவ்வாறு மாற்றினான் என்று தன் வாயால் சொல்லட்டும். அது போதும்.

நம் நேயர்களில் கலாசாலைக் கமிட்டிகளில் அங்கம் வகிப்பவர்கள் உண்டு. நகரசபைகளில் பேசுபவர்கள் உண்டு. மேடைதோறும் நம் கலைகளின் பெருமையை முழங்குபவர்களும் உண்டு. நம் கலைகள் பழையவை, உயர்ந்தவை என்று பேசுவதோடு அவர்கள் கடமை தீர்ந்துவிடாது. அக்கலைகளை நாளை கையாளப்போகும் இளைஞன், தன் கருவியைத் தானே படித்தறிபவனாக இருப்பானா, அல்லது பிறர் நீட்டிய இடத்தில் விரலைப் பதிப்பவனாக இருப்பானா என்பது இப்போதைய பாடத் திட்டங்களில்தான் நிர்ணயமாகிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை அவர்கள் எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.