கோதுமை இருந்தால் சொல்லிவிடுங்கள்

புனேயில் உணவகத்துக்குள் நுழையும் ஒரு குடும்பம் "ஜைன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாத சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். ஏகாதசியன்றும் சங்கஷ்டி சதுர்த்தியன்றும் ஜவ்வரிசிக் கிச்சடி, ராஜகிரா மாவுப் பூரி என்று உபவாசப் பண்டங்கள் தனியே தயாராகும். விலக்கிச் சமைக்கத் தெரியாத ஊர் அல்ல இது. ஆனால் அதே ஊரில், "எனக்குக் கோதுமை ஆகாது, இதில் கலந்திருக்கிறதா?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்பும், "கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது" என்ற சமாதானமும்தான் கிடைக்கின்றன.

ஆகும். சீலியாக் நோய் உள்ளவர் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சாப்பிட்டால், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் அவருடைய சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு என்று அது தொடரும். குணப்படுத்தும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை ஒதுக்குவதே சிகிச்சை. எவ்வளவு ஒதுக்க வேண்டும்? 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு அது.

அந்த ஐம்பதில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நோயாளியின் கவனக்குறைவு என்ற பேச்சு அடிபட்டுப்போகும். நாம் பத்தியச் சாப்பாடாகவே நினைக்கும் இட்லி சாம்பாரை எடுத்துக்கொள்வோம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் அல்ல. பிசினும் மாவும் சேர்த்து அது தயாராகிறது. பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை மாவு. ஆக, சாம்பார், ரசம், ஊறுகாய், மராட்டிய வீட்டு ஆம்டி எல்லாவற்றிலும் கோதுமை சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த ஜவ்வரிசி வடையும், கோதுமை மாவு தூவிய பலகையில் தட்டிய சோள பாக்ரியும் அப்படித்தான். பாக்ரியைப் போல இயல்பிலேயே குளூட்டன் இல்லாத உணவு மகாராஷ்டிரத்தில் ஏராளம். ஆனால் கோதுமை அரைத்த கையோடு அதே கிர்ணியில், அதாவது மாவு மில்லில், சோளத்தையும் அரைத்தால் அந்த நன்மை அங்கேயே போய்விடுகிறது.

இதோடு ஒரு தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. மகாராஷ்டிரத்தில் கப்ளி கோதுமைக்கு இப்போது நல்ல கிராக்கி. நம்மூர்ச் சம்பா கோதுமையின் இனம்தான் அது. பழைய ரகம் என்பதால் குளூட்டன் குறைவு, சீலியாக் நோயாளியும் சாப்பிடலாம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்தான பொய். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாத பண்டத்தைத்தான் 'குளூட்டன் அற்றது' என்று விற்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எந்தக் கோதுமையும் அந்த வரம்புக்குக் கிட்டே கூட வராது.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி வரலாம். வயிற்று உப்புசம், பேதி, தலைவலி, அசதி, எதிலும் புத்தி நிலைக்காத மந்தம் ஆகியவை நாட்கணக்கில் நீடிக்கலாம். முறிமருந்து கிடையாது. ஓய்வும், நீர்ச்சத்து குறையாமல் உப்புச் சர்க்கரைக் கரைசலும், கஞ்சி போன்ற எளிய ஆகாரமும்தான் வழி. குளூட்டனைச் செரிக்க வைப்பதாக விற்கப்படும் மாத்திரைகளை நம்பக் கூடாது. குழந்தை துவண்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்கு வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். எனவே "சாப்பிட்டாயே, ஒன்றும் ஆகவில்லையே" என்பதும் வாதம் ஆகாது.

உடம்பு தேறிய பிறகும் மனம் தேற நாளாகிறது. எந்தக் கவளத்தில் இருந்தது என்ற தேடல், அடுத்த சாப்பாட்டின் மேல் பயம், விருந்துக்குக் கூப்பிட்டவர் மனம் நோகுமே என்ற சங்கடம். சத்யநாராயண பூஜையின் ரவை ஷீராவை வாங்கத் தயங்கும் மருமகளிடம் "பிரசாதத்தை மறுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பள்ளியில் பிறந்தநாள் கேக்கை வேண்டாம் என்னும் பிள்ளைக்குப் "பிகு பண்ணுகிறான்" என்று பெயர். கடைசியில் பலர் வெளியே சாப்பிடுவதையே, சில வேளை வெளியே போவதையே விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும் மேல், "நீ பார்த்துச் சாப்பிட்டிருக்க வேண்டாமா?" என்ற குற்றச்சாட்டு வேறு. எதுவுமே எழுதி வைக்காத இடத்தில் எதைப் பார்ப்பது?

இது வடக்கத்தியர் நோய், நமக்கென்ன என்று புனேத் தமிழர்கள் நினைக்கலாம். வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு மேலோட்டமாக அப்படித்தான் காட்டும்: வடக்கில் ஆயிரத்துக்கு 8.53 பேர், தெற்கில் 0.11 பேர். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன. பெரிதாக வேறுபட்டது கோதுமை: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்திக்கு மாற்றிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, பாதி வழியில் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி, பொட்டலத்தில் வரும் உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் தெரிவித்தாக வேண்டும். உணவகங்களில் ஒவ்வாமைப் பொருள் பற்றிய தகவலைத் தர வேண்டிய கடமையோ, மத்திய உரிமம் பெற்றவற்றுக்கும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ளவற்றுக்கும்தான். தெருமுனை உடுப்பி ஓட்டலும் அலுவலக மெஸ்ஸும் இதற்குள் வருவதில்லை. விருந்துச் சமையலுக்கும் விலக்கு உண்டு. ஆனால் கல்யாணப் பந்தியில்தான் கேள்வி கேட்க நேரமும் இருக்காது, பதில் சொல்ல ஆளும் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், பொட்டலமிடாத உணவுக்கும் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்கள் குறித்த தகவலைத் தந்தாக வேண்டும். சின்னக் கடை என்பதால் சலுகை இல்லை.

சிறு கடைக்காரர் மேல் இன்னொரு சுமையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தள்ளுவண்டியில் வடாபாவ் விற்பவரிடம் ஆய்வகச் சான்றிதழ் கேட்பது அறிவீனம். நாம் கேட்பது சான்றிதழ் அல்ல, உண்மை. "இதில் கோதுமை இருக்கிறது" அல்லது "எனக்குத் தெரியாது". இரண்டில் எதைச் சொன்னாலும் நோயாளி தன்னைக் காத்துக்கொள்வார். "ஒன்றும் ஆகாது" என்ற மூன்றாவது பதில்தான் அவரைப் படுக்கையில் தள்ளுகிறது.

ஆகவே, உட்கார்ந்து சாப்பிடும் எல்லா உணவகங்களுக்கும் விருந்துச் சமையலுக்கும் இந்தத் தகவல் கடமையை ஆணையம் விரிவாக்க வேண்டும். பெருங்காய டப்பாவின் முகப்பிலேயே, பொடி எழுத்தில் அல்லாமல், கோதுமை உண்டு என்பதை வட்டார மொழியில் அச்சிட வைக்க வேண்டும். கப்ளியைக் குளூட்டன் அற்றதாக விற்பவர்கள் மேல் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுதானியங்களையும் ரேஷனில் தர இடமளிக்கிறது. நோய் உறுதியானவரின் கோதுமைப் பங்கை அரிசியாகவோ சோளமாகவோ மாற்றித் தர அரசுக்குத் தடை என்ன?

விதி திருந்தும்வரை புனேயின் ஓட்டல்காரர்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அரிசி மாவில் செய்த பெருங்காயம் சந்தையில் கிடைக்கிறது. அதற்கு மாறுவதும், கேட்பவருக்கு நேர்மையாகப் பதில் சொல்லும்படி பரிமாறுபவரைப் பழக்குவதும் நாளைக் காலையே தொடங்கக்கூடிய வேலைகள்.