பஞ்சாங்கத்தைக் கையில் எடுங்கள்!

ஜான்ஸிபார் தீவுக்குக் குடும்பத்தோடு போய் ஒரு வாரம் இருந்து வர உத்தேசமாம். என்னென்ன யோசிக்க வேண்டும் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பேஷான எண்ணம்! டான்ஸானியாவைச் சேர்ந்த, ஸ்வாஹிலி பேசும் மக்களின் தீவு அது. டார்-எஸ்-ஸலாம் துறைமுகத்தில் விசைப்படகு ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

விளம்பரப் படத்தில் நீலக் கடலையும் வெள்ளை மணலையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்து விடாதீர்கள். முதலில் சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுங்கள். மார்ச் நடுவிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை அப்போதுதான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். ஹோட்டல் வாடகை குறைவாக இருக்கிறதே என்று சபலப்படாதீர்கள்! ஜூன் முதல் அக்டோபர் வரை இதமான காலம். ரம்ஜான் மாதம் எப்போது என்றும் பாருங்கள். தீவில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நோன்பு நாட்களில் பகலில் பல சாப்பாட்டுக் கடைகள் திறப்பதில்லை. தெருவில் நின்று தின்பதும் மரியாதை அல்ல. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்குச் சிரமம்தான்.

அடுத்தது திதி. சிரிக்காதீர்கள்! கிழக்குக் கரையில் பாஜே, ஜாம்பியானி என்று அழகான கிராமங்கள் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே காலை பத்து மணி சுமாருக்குக் கடல் வெகு தூரம் உள்வாங்கி விடும். "குளிக்க வந்தோம், கடலைக் காணோமே!" என்று கரையில் நிற்க வேண்டியதுதான். சாயங்காலம்தான் தண்ணீர் திரும்பி வரும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. நாம் நல்ல காரியத்துக்கு ஒதுக்கும் திதிதான் ஜாம்பியானியில் குளிப்பதற்கு நல்ல நாள்! எந்த நாளும் நீந்த வேண்டும் என்றால் வடகோடியில் நுங்வி, கெண்ட்வா பக்கம் தங்குங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், ஒரு அமாவாசையாவது கிழக்குக் கரையில் இருங்கள் என்பேன். தண்ணீர் வற்றியதும் கிராமத்துப் பெண்கள் கூட்டமாகக் கடலுக்குள் இறங்குவார்கள். மணலில் வரிசையாகக் குச்சிகள், குச்சிக்குக் குச்சி கயிறு, கயிற்றில் முடிந்த கடற்பாசி. 1989-ல் இக்கிராமங்களில் தொடங்கிய தொழில் இது. உலர்த்திய பாசி கப்பலேறிப் போகிறது; அதிலிருந்து எடுக்கும் பசை, பற்பசையில்கூடச் சேருகிறது. கணவன் கையை எதிர்பார்த்திருந்த பல பெண்களுக்குத் தங்கள் பெயரில் நாலு காசு கிடைத்தது இதனால்தான். இப்போது கடல் சூடாகிப் பாசி அழுகுகிறது. நல்ல விலை போகும் ரகம் பல இடங்களில் பிழைப்பதே இல்லை. போதாததற்குப் பயணிகள் வேறு, கயிறுகளை ஏதோ குப்பை என்று எண்ணி மிதித்துக்கொண்டு போகிறார்கள். நம் நாற்றங்காலில் யாராவது செருப்புக் காலோடு நடந்தால் சும்மா இருப்போமா? குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேட்காமல் படம் எடுக்கவும் வேண்டாம். அவர்கள் செய்யும் பாசிச் சோப்பு கிடைத்தால் இரண்டு வாங்குங்கள்.

கடிகார விஷயத்திலும் ஜாக்கிரதை. சூரிய உதயத்திலிருந்து நாழிகை கணக்கிட்டார்களே நம் பாட்டனார், அதே முறைதான் அங்கும். காலை ஏழு மணிக்கு அவர்கள் கணக்கில் ஒரு மணி! படகுக்காரர் "இரண்டு மணி" என்றால் எந்த இரண்டு என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். தேங்காய்ப் பாலில் வேக வைத்த துவரை, கீரை, மரவள்ளிக்கிழங்கு, சப்பாத்தி எல்லாம் உண்டு. உட்கார்ந்து துருவும் தேங்காய்த் துருவுபலகையைக்கூடப் பார்க்கலாம். "ஸிலி ந்யாமா வாலா ஸமாகி" என்று மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். மாமிசமும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம்.

விசா போக, 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஜான்ஸிபாரின் இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். பெரியவர்களுக்கு 44 டாலர் என்று நிர்ணயித்தார்கள். (அதற்கு அவர்கள் சொல்வதும் 'பீமா'தான்!) கென்யா அல்லது எத்தியோப்பியா வழியாகப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி விசாரியுங்கள்; புறப்படப் பத்து நாளாவது இருக்கும்போதே போட்டுக் கொள்ள வேண்டிய ஊசி. மலேரியாவுக்கும் டாக்டரைக் கேளுங்கள். பாலிதீன் பைகளுக்கு டான்ஸானியாவில் 2019 முதல் தடை. பழைய மஞ்சள் துணிப்பைகளைத் தேடி எடுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அங்கே மரியாதை. நம் புடவைக்கு ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போது 'காங்கா' வாங்காமல் வராதீர்கள். ஜோடியாக விற்கும் பருத்தித் துணி. ஒவ்வொன்றிலும் ஸ்வாஹிலியில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். "கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் படி நிறையும்" என்பது போல் நல்ல வார்த்தையும் இருக்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு உடுத்திக் காட்டும் குத்தல் வசனமும் இருக்கும். நாத்தனாருக்கு வாங்குவதானால் அர்த்தம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்!