தொட்டியில் கிளமாட்டிஸ், வேலியில் செங்காந்தள்

போன வாரம் சென்னையில இருக்கிற அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். தொட்டியில் காய்ந்து தொங்கும் கொடி. "மாமா, கிளமாட்டிஸ். ஆன்லைன்ல 1,200 ரூபாய். என்ன உரம் போடட்டும்?"

"உரம் பத்தாது சாமி, குளிர்காலத்தையும் வாங்கிப் போடு"ன்னேன். கோவிச்சுக்கிட்டான். உங்களுக்கும் கோபம் வரலாம், பரவாயில்லை.

பெரிய பூ விடுற கிளமாட்டிஸ் குளிர் நாட்டுக் கொடி. தலைக்கு வெயில், வேருக்கு நிழல், குளிர்காலத்தில் நல்ல உறக்கம், மூணும் வேணும். ஊட்டியில வச்சுப் பாருங்க, வேண்டாங்கல. சித்திரை வெயில்ல மொட்டை மாடியில பிளாஸ்டிக் தொட்டியில வச்சா வேர் வெந்துதான் போகும். வித்தவங்க இதைச் சொல்லல. நாமளும் கேக்கல.

என் சண்டை வெளியூர்ப் பூவோட இல்லை. காகிதப்பூ தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, நம்ம வெயில்ல ஜோரா வாழுது. மண்ணையும் வெயிலையும் பார்க்காம, படத்தைப் பார்த்து வாங்கற புத்தியோடதான் சண்டை.

கிளமாட்டிஸ் இலைக்காம்பைச் சுத்தி ஏறும். எங்க வேலியில இலை நுனியையே சுருட்டிப் பிடிச்சு ஏறுற கொடி ஒண்ணு இருக்கு. மஞ்சளும் பச்சையுமா விரிஞ்சு, நாள் போகப்போக ரத்தச் சிவப்பாகும். செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. நாங்க கண்வலிக் கிழங்குன்னு சொல்வோம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிர் பண்றாங்க. விதையிலிருந்து கோல்ச்சிசின் மருந்து எடுக்கிறாங்க. காய் பிடிக்க, ஒவ்வொரு பூவுக்கும் கையால மகரந்தம் தொட்டு வைக்கணும். முதுகு ஒடியும். அந்தக் காட்டோரம் காரை நிறுத்தி, "இது ஃபாரின் பூவா?"ன்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்ல?

சீசன் முடிஞ்சா கொடி காயும். செத்துப்போச்சுன்னு தூக்கி எறியாதீங்க, கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குது. தண்ணி ஊத்தினா அழுகிடும். மழை வந்தா தானா எழுந்திரிக்கும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கிழங்கு, விதை, இலை எல்லாமே கொடிய விஷம். சின்னக் குழந்தையோ நாயோ இருக்கிற வீட்டுல வைக்கவே வேண்டாம். முல்லையோ சங்குப்பூவோ போதும்.

அக்கா மகனுக்கு ரெண்டு வயசுப் பொண்ணு. அதனால ஒரு பிடி சங்குப்பூ விதை தபால்ல அனுப்பியிருக்கேன். பூத்ததும் படம் அனுப்புவான். அப்ப கோபம் போயிருக்கும்.